ஆறு குண்டு பாக்கி

டெல்மர் கடை திறக்கும் நேரம் காலை ஒன்பது.

டெல்மர் ஒன்பது மணிக்குக் கடையில்தான் இருந்தார்.

கல்லாவுக்குப் பின்னால்... தரையில்... மல்லாந்து.

நெற்றியில் பொட்டு வைக்கும் இடத்தில் ஓர் ஓட்டை.

வோண்டா ரைசிக் கத்தவில்லை. கெட்டில் ஃபோர்க் ஊரில் அவள் பிழைப்பே செத்ததோடுதான். அமெரிக்காவின் மொன்டானா மாநில வேட்டைக்காரர்கள் சுட்டுக்கொண்டு வரும் மானுக்கும் கரடிக்கும் பஞ்சடைத்து, கண்ணாடிக் கண் பொருத்திக் கொடுப்பாள். உயிரில்லாத முகங்கள் பார்த்துப் பார்த்துப் பழகியவை.

அவளுடைய முதல் பார்வை பிணத்தின் மேல் விழவும் இல்லை. பக்கத்துக் கண்ணாடி அலமாரியின் மேல் விழுந்தது.

மேல் தட்டு காலி.

"போச்சா..." என்றாள்.

அது டெல்மருக்காகச் சொன்னதில்லை.

டெல்மர் பழைய துப்பாக்கி வாங்கி விற்கிறவர். வோண்டா இருபத்தெட்டு வருஷமாகத் தேடிய ரிவால்வர் முந்தாநாள்தான் அந்த மேல் தட்டுக்கு வந்திருந்தது. வியாழக்கிழமையே அவள் பெயருக்கு ரசீது எழுதி, 'சனிக்கிழமை வந்து எடுத்துக்கோ' என்று போனில் சொல்லியிருந்தார் மனுஷன்.

சனிக்கிழமை வந்துவிட்டது. ரிவால்வர் போய்விட்டது. கூடவே டெல்மரும்.

---

ஷெரிஃப் இங்க்ரிட், ஆபீஸ் மேஜையில் டோனட் பெட்டியை ஓரமாகத் தள்ளிவிட்டு உட்கார்ந்தாள். வோண்டாவோடு பள்ளிக்கூடத்தில் ஒரே வகுப்பு. கவுண்டி என்கிற அந்த மாவட்டத்தின் துப்பாக்கிப் போட்டியில் வோண்டா முதலாவதாக வந்த வருஷம் இவள் இரண்டாவது. அதை இன்னும் மன்னிக்கவில்லை.

"ஒருத்தன் செத்துக் கிடக்கான். நீ பத்து நிமிஷம் கழிச்சுத்தான் போன் பண்றே. அதுவரைக்கும் என்னடி பண்ணிட்டிருந்தே?"

"மத்த அலமாரியெல்லாம் பார்த்தேன்."

"எதுக்கு?"

"தட்டு மாத்தி வெச்சிருப்பாரோன்னு."

இங்க்ரிட் டோனட் பெட்டியை மூடினாள்.

"இதை ஜூரி முன்னாடி சொல்லிடாதே. சத்தியமா தூக்கிடுவாங்க."

"நான் கொல்லலைன்னு உனக்கே தெரியும்."

"எனக்கு என்ன தெரியும்? கடைல வேற எதையும் யாரும் தொடலை. தங்கக் கடிகாரம் அப்படியே இருக்கு. போனது அந்த ஒரு ரிவால்வர். அந்தத் துருப்பிடிச்ச சாமானுக்காக ஆளைக் கொல்ற பைத்தியம் இந்தக் கவுண்டியில யாருன்னு ரோட்ல போற எவனைக் கேட்டாலும் உன் பேரைத்தான் சொல்வான்."

"துருப்பிடிக்கலை. நீல எஃகு."

"பார்த்தியா?"



அந்த ரிவால்வர் ஆர்வில் ட்வெட்டினுடையது. ஆர்வில்... கவுண்டியில் பதினோரு வருஷம் தொடர்ந்து சாம்பியன். எட்டு வயதில் வோண்டாவின் கையில் ஓட்டை ரைஃபிள் ஒன்றைக் கொடுத்து, தகர டப்பாவைச் சுடச் சொல்லிக்கொடுத்தவர். சொல்லிக்கொடுத்தார் என்பது மரியாதைக்கு. வாய்க்கு வந்தபடி திட்டினார் என்பது நிஜம். தன் இடுப்பு ரிவால்வரை மட்டும் தொடவிட மாட்டார்.

"கவுண்டி போட்டியில ஜெயி. அன்னிக்கு இதுல ஆறு குண்டு சுடவிடறேன்."

பதினாலு வயதில் ஜெயித்தாள். 1991. கோப்பையைத் தூக்கிக்கொண்டு ஓடிவந்தாள்.

அந்த வாரம் பார்த்து ரிவால்வர் திருட்டுப் போனதாக ஆர்வில் போலீஸில் எழுதிக்கொடுத்திருந்தார்.

அதே வாரம் அவர் மனைவி மேவிஸும் காணாமல் போனாள். கோழித்தீவனம் விற்க வரும் ரூடி கெஸ்லரும் காணாமல் போனான். இரண்டையும் கூட்டிப் பார்க்க ஊருக்குப் பெரிய படிப்பு தேவைப்படவில்லை. ஓடிப்போய்விட்டார்கள் என்றது ஊர். ஆர்விலுக்கு ஆறுதலாக ஆறு மாசத்துக்கு வீடு வீடாகக் கேசரோல் என்ற அடுப்புச் சாப்பாடு வந்தது.

வோண்டாவின் துக்கம் வேறு. தனக்குச் சேரவேண்டிய ஆறு குண்டு. அந்த ரிவால்வரின் நம்பரை எழுதி வைத்துக்கொண்டு ஏழு மாநிலத்துத் துப்பாக்கிச் சந்தைகளில் தேடினாள். நடுவில் ஒரு புருஷன் வந்தான்... 'நானா அந்தத் துப்பாக்கியா' என்று கேட்டான்... போய்விட்டான்.

"டெல்மர் கடைசியா உன்கிட்ட என்ன சொன்னார்?" இங்க்ரிட் பேனாவைத் திறந்தாள்.

"வயோமிங்ல ஒரு லாரி டிரைவர் செத்துப்போனானாம். அவன் வீட்டுச் சாமானோட வந்ததாம். பெட்டிக்குள்ள ஒரு காகிதமும் இருக்கு, வந்து படி, நீ விழுந்து விழுந்து சிரிப்பேன்னார்."

"என்ன காகிதம்?"

"சொல்லலை. ஆர்விலுக்கும் போன் பண்ணிக் கிண்டல் பண்ணினேன்னார்."

"ஆர்விலுக்கா?"

"நானும் நேத்து காலைல பண்ணினேன். 'துப்பாக்கி கிடைச்சிருச்சு, சனிக்கிழமை கடைல எடுத்துட்டுச் சரியா பத்து மணிக்கு உங்க வாசல்ல நிப்பேன்'னு. கிழவர் சந்தோஷப்படுவார்னு பார்த்தேன். வெச்சுட்டார்."

அடுத்த அறையில் போன் அடித்தது.

இங்க்ரிட் எழுந்து போனாள். கண்ணாடிக் கதவுக்கு அந்தப் பக்கம் அவள் முதுகு மட்டும் தெரிந்தது. பேசவில்லை. கேட்டுக்கொண்டே இருந்தாள். சுவர்க் கடிகாரத்தில் பத்து ஆக இரண்டு நிமிஷம்.

திரும்பி வந்தபோது அவள் முகம் மாறியிருந்தது.

"உன் டிரக்கை நாங்க சோதனை போட்டாச்சுல்ல?"

"சீட்டைக்கூடக் கழட்டிட்டீங்க."

"உன் பையையும்?"

"என் ஷூவையும். என்ன இங்க்ரிட்?"

"ஒண்ணுமில்ல. நீ போலாம்."

"நான்தான் கொலைகாரின்னே..."

"அது பத்து நிமிஷம் முன்னாடி. இப்ப எங்கே போறே?"

"ஆர்வில் வீட்டுக்கு. வர்றேன்னு சொல்லியிருக்கேனே."

"போ," என்றாள் இங்க்ரிட், தொப்பியை எடுத்துக்கொண்டே. "நேரா அங்கதான் போ. மெதுவா ஓட்டு."

---

ஆர்விலுக்கு எழுபத்தொன்பது வயது. சமையலறை மேஜையில் காபியோடு உட்கார்ந்திருந்தார். வோண்டா உள்ளே வந்ததும் கடிகாரத்தைப் பார்த்தார்.

"பத்தேமுக்கால். முப்பது வருஷத்துல முதல் தடவையா லேட்."

"டெல்மர் செத்துட்டார், ஆர்வில். யாரோ சுட்டுட்டாங்க."

"அடப்பாவமே." காபியை ஒரு வாய் குடித்தார். "உட்காரு. உனக்கு ஒரு சாமான் வெச்சிருக்கேன்."

அலமாரியைத் திறந்தார். பாத்திரம் துடைக்கும் துண்டில் சுற்றிய ஒரு பொட்டலத்தை அவள் முன்னால் வைத்தார். விரல் படாமல், துண்டின் நுனியைப் பிடித்து உதறினார்.

நீல எஃகு. தேக்கு நிறத்தில் கைப்பிடி.



வோண்டாவின் புத்தி 'தொடாதே' என்றது. இருபத்தெட்டு வருஷம் புத்தி சொன்னதைக் கேட்காத கை, இப்போது மட்டும் கேட்குமா? எடுத்துவிட்டது. உள்ளங்கையில் அது உட்கார்ந்த விதம்... அவளுக்காகவே வார்த்தது போல. கண் கலங்கிவிட்டது. வெட்கமில்லாமல் கலங்கியது.

அப்புறம்தான் மூக்கு வேலை செய்தது.

கரிமருந்து வாசம்.

"இதை நேத்து சுட்டிருக்காங்க," என்றாள் மெதுவாக.

"மூக்கு நல்லாத்தான் இருக்கு உனக்கு."

"ஆர்வில்... இது எப்படி உங்ககிட்ட?"

"என்கிட்ட எங்கே இருக்கு? உன் கையில இருக்கு. உன் ரேகைதான் பூரா இருக்கு. இன்னும் கொஞ்ச நேரத்துல ஷெரிஃப் வருவா. இந்த ஊர் போலீஸ் எப்பவும் லேட்டு."

வோண்டா தகர டப்பா அடுக்கிக் கொடுத்த கையை, அந்தக் காபிக் கோப்பையைப் பிடித்திருந்த கையைப் பார்த்துக்கொண்டே இருந்தாள்.

"என்னையா மாட்டி விடறீங்க?"

"வேற யார் இருக்கா? இதுக்காக நாயா அலைஞ்சது நீ. ஊரே நம்பும். மனசுல வெச்சுக்காதே."

"ஊர் நம்பும் ஆர்வில். நான் நம்ப மாட்டேன்."

சொன்னது வோண்டா இல்லை. பின்வாசலில் இங்க்ரிட் நின்றிருந்தாள். கையில் அவளுடைய துப்பாக்கி. அது கிழவரைப் பார்த்துக்கொண்டிருந்தது.

ஆர்வில் பதறவில்லை. "சரியான நேரத்துக்கு வந்தே. அவ கையைப் பாரு."

"பார்த்தேன். பத்து மணிக்கு ஒரு அனாமதேயம் போன் பண்ணிச்சு. 'வோண்டா இப்ப டெல்மரோட ரிவால்வரோட ஆர்வில் வீட்டுக்குள்ள நுழையறா, உடனே வாங்க'ன்னு."

"நல்ல மனுஷன்."

"ரொம்ப நல்ல மனுஷன். ஆனா பாருங்க, அப்ப வோண்டா என் ஆபீஸ்ல ஷூ இல்லாம உட்கார்ந்திருந்தா."



ஆர்வில் மெல்ல ஜன்னல் பக்கம் திரும்பினார். தூரத்தில் மண் ரோடு தெரிந்தது.

"பத்து மணிக்கு ஒரு வண்டி புழுதி கிளப்பிட்டு வந்துச்சு," என்றார். "இவதான்னு நினைச்சுட்டேன்."

"யாரு?"

"தபால்காரன்."

---

டெல்மர் சொன்ன காகிதத்தை ஆர்வில் அடுப்பில் போட்டு எரித்துவிட்டார். ஆனால் விற்பனை விளம்பரத்துக்காக டெல்மர் அதை ஏற்கெனவே படம் எடுத்து வைத்திருந்தார். லாரி டிரைவருக்கு ரிவால்வரை விற்றதாக ஆர்வில் ட்வெட் கையெழுத்துப் போட்ட காகிதம். தேதி, திருட்டுப் போனதாகப் புகார் கொடுத்து மூன்று வாரம் கழித்து.

ரூடி கெஸ்லர் எங்கும் ஓடிப்போயிருக்கவில்லை. இரண்டு வருஷம் முன்பு ஒரு பாழுங்கிணற்றில் அவன் எலும்புக்கூடு கிடைத்திருந்தது, மண்டையில் ஓட்டையோடு. மேவிஸ்தான் கொன்றுவிட்டு ஓடினாள் என்று ஊர் தீர்ப்பைத் திருத்தி எழுதிக்கொண்டது. ஆர்விலுக்கு மறுபடியும் கேசரோல் வந்தது.

கிழவர் கைதான செய்தி பேப்பரில் வந்த ஒன்பதாம் நாள், அரிசோனாவிலிருந்து பஸ் பிடித்து வந்து இறங்கினாள் மேவிஸ். வேறு பெயரில், உயிருக்குப் பயந்து, இத்தனை வருஷம். ஆர்வில் சுட்டதைக் கோர்ட்டில் சொன்னாள். ஆயுள் தண்டனை.

கேஸெல்லாம் முடிந்து, ஒன்றரை வருஷம் கழித்து, இங்க்ரிட் ஓர் அட்டைப் பெட்டியை வோண்டாவின் மேஜையில் வைத்தாள்.

"திருட்டு மால் இல்லைன்னு ஆகிருச்சு. அவரே வித்திருக்காரே. உன் ரசீது செல்லும். எடுத்துக்கோ."

வோண்டா பெட்டியைத் திறக்கவில்லை.

"ஒண்ணு கேக்கணும் இங்க்ரிட். அந்தக் காகிதம் வெளில வந்திருந்தா அவருக்கு என்ன ஆகியிருக்கும்?"

"ஒண்ணும் ஆகியிருக்காது. ரூடி மண்டையில போன குண்டு கிடைக்கவே இல்லை. எந்தத் துப்பாக்கின்னு யாரும் நிரூபிக்க முடியாது. பொய்ப் புகார்னு கேட்டிருந்தா, வயசாயிருச்சு, மறந்துட்டேன்னு சொல்லிட்டுப் போயிருக்கலாம்."

"அதுக்கா டெல்மரைக் கொன்னார்?"

"அதுக்குத்தான்."

வோண்டாவுக்கு டெல்மரின் சிரிப்பு ஞாபகம் வந்தது. அன்று மற்ற அலமாரிகளைத் திறந்து பார்த்ததும் ஞாபகம் வந்தது. தலையைக் குனிந்துகொண்டாள்.

---

அடுத்த ஞாயிறு, ஊருக்கு வெளியே ஆற்று மேட்டில் குறி பார்க்கும் அட்டையை நட்டுவிட்டு, அம்பது அடி அளந்து நடந்து வந்து நின்றாள். ஆறு குண்டும் சுட்டாள். நிதானமாக, ஒன்றன்பின் ஒன்றாக.

அட்டையில் ஒரு ஓட்டைகூட இல்லை.

செவ்வாய்க்கிழமை ஜெயிலிலிருந்து போன் வந்தது. எடுக்கக்கூடாது என்று நினைத்துக்கொண்டே எடுத்தாள்.

"கைக்கு வந்துருச்சாமே," என்றது ஆர்வில் குரல்.

"வந்துருச்சு."

"சுட்டியா?"

"ஆறும். எல்லாம் ஒரு முழம் இடது பக்கம் போச்சு. அட்டையிலயே படலை."

கிழவர் இருமினார். "முன்னாடி இருக்கற குறிமுனை வளைஞ்சது. எண்பத்தஞ்சுல கீழே போட்டுட்டேன். அந்த அளவுக்கு வலது பக்கம் தள்ளிக் குறி வைக்கணும். எனக்குக் கை தன்னால பழகிருச்சு."

வோண்டா ரிவால்வரைப் பார்த்தாள். கோர்ட்டில் மேவிஸ் சொன்னது மனசில் ஓடியது. முற்றத்தில், ஆர்விலிடமிருந்து அம்பது அடியில், அவளும் ரூடியும் பக்கத்தில் பக்கத்தில் நின்றிருந்தார்கள். ரூடி தீவன மூட்டை இறக்கிக்கொண்டிருந்தான். அவள் அவனிடம் முன்னே பின்னே நாலு வார்த்தை பேசியதுகூட இல்லை.

"ஆர்வில்... அன்னிக்கு தள்ளி வெச்சீங்களா?"

கிழவர் மறுபடி இருமினார்.

"கோபத்துல இருந்தேன்," என்றார் கடைசியில். "மறந்துட்டேன்."

"அப்ப நீங்க சுட்டது ரூடியை இல்ல."

"அவனை நான் எதுக்குச் சுடறேன்? பாவம், மூட்டை இறக்க வந்தவன். என் பார்வைக்கு மேவிஸுக்கு இடது பக்கம் நின்னான்... அவ்வளவுதான்."

"பதினோரு வருஷ சாம்பியன். அம்பது அடியில பொண்டாட்டி. குறி தப்பிருச்சு."

"வோண்டா," கிழவரின் குரல் முதல்முறையாகக் கெஞ்சியது. "ஆயுள் முழுக்க இங்கே கிடக்கேன்... அதைப் பத்திக் கவலையில்ல. ஆனா இதை மட்டும் யார்கிட்டயும் சொல்லிடாதே. ஜெயில்ல எனக்குன்னு ஒரு மரியாதை இருக்கு."