க்யோக் என்றால் என்ன நிறம்?

மேரிமின் அப்பா வீட்டில் இருந்தால் தேநீரை ஊரே கேட்கும்படி உறிஞ்சுவார். இந்தக் குளிர்காலம் முழுக்க அந்தச் சத்தமே இல்லை. அம்மா குடிப்பது யாருக்கும் கேட்காது.

அப்பா எர்மெக், மலைப்பாதையில் பனி வாரும் வேலை பார்ப்பவர். முதல் பனி விழுந்ததும் கணவாயில் இருக்கும் நிலையத்துக்கு ஏறிவிட்டார். போகும்போது, "நூரூஸ் பண்டிகைக்கு வந்துடுவேன், குதிரைக்குட்டி. போர்சோக்க எல்லாம் நீயே தின்னு தீர்த்துடாதே" என்று சொல்லிவிட்டுப் போனார்.

பண்டிகை நெருங்கிவிட்டது. போர்சோக் என்னும் மாவுப் பண்டம் பொரிக்க அம்மா மாவும் பிசைந்துவிட்டார். அப்பாதான் வரவில்லை.

ஒரு மதியம் தொலைபேசி அடித்தது. மேரிம் பாய்ந்து எடுத்தாள்.

"அப்பா! எப்ப வர்றீங்க?"

"பாதை மூடிக் கிடக்குடா. புது மிஷின ஓட்டி வழி பண்ணாத்தான் இறங்க முடியும். அம்மா போட்ட வழிகாட்டிப் பக்கத்துல 'க்யோக் பொத்தானை அழுத்தவும்'னு இருக்கு. இங்க நீலமும் இருக்கு, பச்சையும் இருக்கு! எத அழுத்த?"

பின்னால் அவரோடு வேலை செய்யும் சாகின் கத்தினார். "க்யோக்னா வானம்யா! நீலத்த அழுத்து!"

"ஏண்ணே, காலைல க்யோக் தேநீர் குடிச்சீங்களே, வானத்தையா காய்ச்சிக் குடிச்சீங்க? மேரிம், அம்மாகிட்ட கேளு. தப்பா அழுத்துனா மிஷின் பூட்டிக்கும். ஊர்லருந்து ஆள் வந்துதான் தெறக்கணும்..."

கர்ர் என்றது. பிறகு ஒன்றும் இல்லை. மேலே தொலைபேசிக் கோபுரம் பனியில் உறைந்துவிட்டது.

எங்கள் மொழியில் வானமும் க்யோக், புல்லும் க்யோக், பச்சைத் தேநீரும் க்யோக். இதனால் எத்தனையோ சண்டைகள் நடந்திருக்கின்றன. மேரிம் வீட்டிலேயே ஒன்று நடந்தது. போன கோடையில் வாசல் கதவுக்கு 'க்யோக்' வண்ணம் வாங்கிவரச் சொன்னார் அப்பா. அவர் நினைத்தது நீலம். மேரிம் வாங்கி வந்ததோ பச்சை. இரண்டு பேரும் சிரித்துக்கொண்டே பச்சையைப் பூசினார்கள்.

மேரிம் அடுப்படிக்கு ஓடினாள். "அம்மா, பச்சையா நீலமா?"

அம்மா அனாரா, இயந்திரங்களை எப்படி இயக்குவது என்று சொல்லும் வழிகாட்டிகளை இணையப் பக்கங்களாக்கித் தருபவர். விஷயத்தைக் கேட்டதும் மாவுக் கையோடு தலையில் கை வைத்துக்கொண்டார்.

"பச்சைடி! படத்துல தெளிவா இருக்கே!"

"அப்பாவுக்குப் படம் தெரியலையோ என்னவோ."

"ஆமா. அங்க இருக்கிற பெட்டி, கோபுரம் இல்லாமலே செயற்கைக்கோள் வழியா தெனம் காலைல இந்தப் பக்கத்த மட்டும் இழுத்துக்கும். எழுத்து மட்டும்தான் போகும். படம் கனமாச்சே, மலை ஏறாது."

"அப்ப 'பச்சை'ன்னு எழுதிடுங்க!"

"வார்த்தைய நான் தொட முடியாது. பெரிய ஆபீஸ் சரிபார்த்துப் பூட்டி வெச்சிருக்கு. பண்டிகை லீவு முடிஞ்சாத்தான் தெறப்பாங்க."

பண்டிகை முடிந்த பிறகு அப்பா வந்து என்ன பயன்?

"அப்ப உங்க கையில என்னதான் இருக்கு?"

"சட்டை" என்றார் அம்மா. "வார்த்தைங்க உடம்பு மாதிரி. அதுக்கு எந்தச் சட்டை போடணும், எழுத்து பெருசா சின்னதா, தடிமனா, என்ன நிறம்னு சொல்ல ஒரு தனிக் கோப்பு இருக்கு. அது மட்டும் என் பொறுப்பு."

மேரிம் மூக்கை உறிஞ்சிக்கொண்டே கணினித் திரையைப் பார்த்தாள். பக்கம் முழுக்கக் கறுப்பு எழுத்து. பொத்தான்களின் பெயர்கள் மட்டும் தடித்த கறுப்பில் இருந்தன.

"அந்தச் சட்டை மலை ஏறுமா?"

"ஏறும். படத்துக்கு முன்னாடி அது ஒரு தூசி."

"அப்ப 'க்யோக்'ங்கிற வார்த்தைக்குப் பச்சைச் சட்டை போட்டுடுங்கம்மா! வார்த்தை அப்படியே இருக்கட்டும். நிறத்தப் பார்த்தா அப்பாவுக்குப் புரியும்ல?"

அம்மா கையைக் கழுவிவிட்டு வந்து உட்கார்ந்தார்.

"இத்தன வருஷமா இதே வேலை பாக்குறேன். எனக்குத் தோணல பாரு."

ஒவ்வொரு பொத்தானுக்கும் பக்கத்தின் உள்ளே கண்ணுக்குத் தெரியாத ஒரு பெயர் இருந்தது. அந்தப் பெயரைச் சட்டைக் கோப்பில் எழுதி, அதற்குப் பச்சை நிறம் என்று அம்மா சேர்த்தார். திரையில் 'க்யோக்' பளீரென்று மாறியது.

"ஐய, தவளை மாதிரி இருக்கு" என்றாள் மேரிம். "அம்மா, அதுலயே 'சீக்கிரம் வாங்கப்பா'ன்னு ஒரு வரி போட முடியுமா?"

"கூடாதுடா. நிறம் மட்டும்தான்."

மேரிம் யோசித்தாள். சட்டென்று வெளியே ஓடினாள். வாசல் கதவின் ஓரத்தில் உரிந்திருந்த வண்ணச் சில்லு ஒன்றைப் பெயர்த்துக்கொண்டு வந்து, திரையோடு ஒட்டிப் பிடித்தாள்.

"இந்தப் பச்சைதான் வேணும்."

அம்மா எண்களை மாற்றிக்கொண்டே போனார். "இதுவா?" "இன்னும் கொஞ்சம் கறுப்பா." "இது?" "இல்ல, இது வெங்காயத்தாள்." கடைசியில் சில்லு எது, எழுத்து எது என்று தெரியாதபடி இரண்டும் ஒன்றாகின. அம்மா பக்கத்தை ஏற்றிவிட்டார்.

மறுநாள் காலையில் அந்தப் பெட்டி பக்கத்தை இழுத்திருக்கும். அப்பா பார்த்திருப்பாரா? சாகின் அதற்குள் நீலத்தை அழுத்தித் தொலைத்திருந்தால்? தொலைபேசி ஊமையாகவே கிடந்தது. மேரிம் கதவில் சாய்ந்து மலையைப் பார்த்துக்கொண்டே நின்றாள். பள்ளித் தோழிகள் விளையாடக் கூப்பிட்டும் போகவில்லை. அப்பாவின் கம்பளித் தொப்பியை எடுத்துத் தலையில் போட்டுக்கொண்டாள். அது மூக்கு வரை இறங்கியது. அதில் இன்னும் அப்பா வாசம் இருந்தது. அவளுக்கு அழுகை வந்தது.

நூரூஸ் அன்று காலை அம்மா போர்சோக்கைத் தட்டில் குவித்தார். மேரிம் ஒன்றுகூட எடுக்கவில்லை.

அப்போது தெருவிலிருந்து ஒரு குரல் கேட்டது.

"ஏங்க, இங்க நீலக் கதவு போட்ட வீடு எது?"

மேரிமுக்குக் கால் தரையில் நிற்கவில்லை. ஆனாலும் கதவைத் திறக்காமல் உள்ளிருந்தே கத்தினாள். "அப்படி ஒரு வீடே இல்ல! இது பச்சைக் கதவு!"

"அப்பச் சரியான வீட்டுக்குத்தான் வந்திருக்கேன். அந்த எழுத்தப் பார்த்த உடனே தெரிஞ்சுபோச்சு, இது நம்ம வீட்டுக் கதவு, என்னைக் கூப்பிடுதுன்னு. சாகின் அண்ணன் இன்னும் நம்பல. 'நீலத்தையே அழுத்தியிருக்கலாம்'னு வழியெல்லாம் பொலம்பிட்டே வந்தாரு. தெற, குதிரைக்குட்டி! குளுருது!"

கொஞ்ச நேரத்தில், தெருக்கோடி வரை கேட்கும்படி, அந்த வீட்டில் யாரோ க்யோக் தேநீரை உறிஞ்சினார்கள்.