சின்ன மேசை, பெரிய படம்

மாலை ஆறு மணிக்குள் அனுப்பியாக வேண்டும். அக்காவின் கணினியோ ஆடி அசைந்து வேலை செய்துகொண்டிருந்தது.

கல்லூரிப் போட்டிக்காக அக்கா ஒரு புரோகிராம் எழுதியிருந்தாள். மங்கிப்போன பெரிய புகைப்படம் ஒன்றை அது பளிச்சென்று மாற்ற வேண்டும். மாற்றிய படத்தை அனுப்பினால்தான் போட்டியில் சேர்த்துக்கொள்வார்கள்.

"இது முடியறதுக்குள்ள விடிஞ்சிடும்," என்று அக்கா நகத்தைக் கடித்தாள்.

"ஏன் இவ்வளவு மெதுவா இருக்கு?" என்று கேட்டாள் தங்கை. ஓரிடத்தில் நிற்க மாட்டாள் என்பதால் வீட்டில் அவளுக்கு வண்டு என்று பெயர்.

"பிராசஸருக்குள்ள கேஷ்னு ஒரு குட்டி இடம் இருக்கு. வேணுங்கிறது அங்க இருந்தா சட்டுனு எடுத்துக்கும். இல்லேன்னா மெமரி வரைக்கும் போய் எடுத்துட்டு வரணும். அது தூரம். நம்ம கம்ப்யூட்டர்ல கேஷ் ரொம்பச் சின்னது."

"பெருசா ஒண்ணு வாங்கிப் போட்டுக்கோயேன்."

"அது பிராசஸரோட ஒட்டிப் பிறந்தது. தனியா மாத்த முடியாது. போய் உன் வேலையைப் பாரு."

வண்டுவின் வேலை, பள்ளிப் புத்தகங்களுக்கு அட்டை போடுவது. மேசையைக் கணினி அடைத்துக்கொண்டதால், மூலையில் ஒரு புத்தகத்துக்குத்தான் இடம். ஒவ்வொன்றாகப் பக்கத்து அறையிலிருந்து தூக்கி வந்து அட்டை போட்டு, திரும்பக் கொண்டுபோய் வைத்தாள். பிறகு லேபிள் ஒட்டுவதற்காக மறுபடி எல்லாவற்றையும் தூக்கி வந்தாள். அடுத்து, பெயர் எழுத.

அக்காவுக்குத் தலை சுற்றியது. "குறுக்கும் நெடுக்கும் ஓடாதேடி. ஒண்ணை எடுத்தா அட்டை, லேபிள், பேர் எல்லாத்தையும் முடிச்சிட்டுப் போய் வையேன்."

வண்டு நின்றாள். "உன் புரோகிராம் மட்டும் எப்படிப் பண்ணுது?"

"முதல்ல படம் முழுக்க வெளிச்சம் கூட்டும். அப்புறம் படம் முழுக்கக் கறை எடுக்கும். அப்புறம் மறுபடி முழுக்க..."

அக்கா பாதியில் நிறுத்தினாள்.

"அதையும் குறுக்கும் நெடுக்கும் ஓடவிட்டுட்டு என்னைத் திட்டுற," என்றாள் வண்டு. "படத்தைத் துண்டு துண்டா எடுத்து, ஒரு துண்டுக்கு எல்லாத்தையும் முடிச்சிட்டு அடுத்ததுக்குப் போகச் சொல்லேன்."

புரோகிராமை மாற்ற அக்காவின் விரல்கள் பறந்தன.

"துண்டு ஏன் இத்தனூண்டு? பெருசாப் போடேன்."

"கேஷ்ல அடங்காது. மறுபடி ஓட்டம்தான். நீ முதல்ல உட்காரு."

வண்டு உட்காரவில்லை. கடிகாரத்துக்கும் திரைக்கும் நடுவே நடந்துகொண்டே இருந்தாள். படம் மேலிருந்து கீழே விறுவிறுவென்று தெளிந்து வந்தது. ஆறு அடிக்கக் கொஞ்ச நேரமே இருந்தபோது கடைசித் துண்டும் முடிந்தது.

'உதவியவர் பெயர்' என்று திரை கேட்டது. அக்கா எதையோ தட்டினாள்.

"அக்கா, வண்டுன்னு போட்டுடாதே."

"முழுப் பேர் அடிக்க நேரமில்லடி," என்று சொல்லிவிட்டு, அக்கா படத்தை அனுப்பினாள்.