நாற்பத்தைந்து சுற்றில் ஒரு குரல்

மழைக்கு ஒதுங்கியவனை "உள்ளே வாங்க" என்று கூப்பிட்டது ஜூனியின் தப்புதான். ஆனால் அந்தக் கண்கள்... கடைக் கண்ணாடிக்கு வெளியே, தலையிலிருந்து நீர் சொட்ட நின்று ஏக்கமாகப் பார்த்த அந்தப் பழுப்புக் கண்களைப் பார்த்த பிறகு யாரால் கதவைத் திறக்காமல் இருக்க முடியும்?

அமெரிக்காவின் இசை நகரமான நாஷ்வில்லில், கிழக்குப் பக்கம் ஒரு பழைய இசைத்தட்டுக் கடை. பகலில் ஜூனி ப்ரூயிட்டுக்கு அங்கே வேலை. மூன்று வருடம் பாடுபட்டுத் தன் முதல் பாட்டுத் தொகுப்பை இசைத்தட்டாக முடித்திருந்தாள். அவள் குரல், அவள் கிட்டார், அப்பா டோயலின் ஸ்டீல் கிட்டார். வேறு சத்தமே கிடையாது. ஆளில்லாத மத்தியானத்தில் அதைத்தான் ஓடவிட்டிருந்தாள்.

துடைத்துக்கொள்ளக் கொடுத்த துண்டைக் கையில் பிடித்தபடியே அவன் நின்றுவிட்டான்.

"யாருங்க பாடுறது?"

"பிடிச்சிருக்கா?"

"பிடிச்சிருக்காவா... அந்த ஸ்டீல் கிட்டாரைக் கேளுங்க. பாட்டு முடியறதுக்குள்ள என்னை அழ வச்சிடும் போலிருக்கே!"

ஜூனிக்குக் கன்னம் சூடேறியது. "நான்தான் பாடுறேன். ஜூனி ப்ரூயிட்."

துண்டு கீழே விழுந்தது. "இருக்கவே முடியாது... அதுக்கு விமர்சனம் எழுதினதே நான்தான். கிரேடி ஹால்கம்."

ஊரே படிக்கும் வாரப் பத்திரிகையில், 'இழுவையோ இழுவை... பாடுவது ஆணா பெண்ணா என்றே தெரியவில்லை' என்று எழுதிய மகானுபாவன்! அதைக்கூட மன்னித்துவிடலாம். 'ஸ்டீல் கிட்டார் வாசித்தவர் பாதித் தூக்கத்தில் இருந்திருப்பார்' என்று வேறு எழுதியிருந்தான். அதைப் படித்த அன்றிலிருந்து அப்பா வாத்தியத்தைத் தொடவேயில்லை. சனிக்கிழமை வெளியீட்டு விழாவுக்கும் வர மாட்டேன் என்றுவிட்டார்.

"ஓஹோ! அந்தப் பெரிய காதுக்காரர் நீங்கதானா? மழை விட்டுடுச்சு சார், கிளம்புங்க."

"இன்னும் விடலையே..."

"நனைஞ்சுக்கிட்டே போங்க!"

அவன் போகவில்லை. சுழலும் தட்டையே உற்றுப் பார்த்தான். "இது... நிமிஷத்துக்கு எத்தனை சுத்துல ஓடுது?"

"நாற்பத்தஞ்சு. மெல்லிய சத்தமெல்லாம் தெளிவா பதியும்னு..."

கிரேடியின் முகம் வெளுத்தது. "எனக்கு விமர்சனத்துக்காக முன்கூட்டியே வந்த தட்டுல வெறும் வெள்ளைத்தாள்தாங்க ஒட்டியிருந்துச்சு. உங்க பேரு மட்டும் கையெழுத்துல... பெரிய தட்டுன்னா வழக்கமா முப்பத்து மூணு சுத்துதானேன்னு நினைச்சு..."

அடக் கடவுளே! முப்பத்து மூன்றில் ஓட்டினால் பாட்டு இழுக்காமல், குரல் தடிக்காமல் என்ன செய்யும்? ஜூனிக்குச் சிரிப்பும் ஆத்திரமும் ஒன்றாகப் பொங்கின... பொங்கிய வேகத்திலேயே அடங்கின. அந்த வெள்ளைத்தாளில் பேரை எழுதியவள் அவள்தான். வேகத்தை எழுத மறந்தவளும் அவள்தான்.

"என் தப்பும் இருக்கு," என்றாள் வேண்டாவெறுப்பாக. "ஆனா எங்கப்பா தூங்கலை. மாத்தி எழுதுங்க."

"வேகமே தெரியாம கேட்டேன்னு எழுதினா இந்த ஊர்ல எவன் என்னை மதிப்பான்? பதினோரு வருஷமா சேர்த்த பேருங்க..."

"எங்கப்பாவோடது நாற்பது வருஷம்."

அவன் துண்டை எடுத்து மடித்து வைத்துவிட்டு மழையிலேயே இறங்கி நடந்தான். 'போகட்டும் போ' என்றாள் ஜூனி. பாழாய்ப்போன கண்கள்தான் அவன் தெருமுனை திரும்பும் வரை கூடவே போயின.

வியாழக்கிழமை பத்திரிகை வந்தது. 'தவறான வேகத்தில் கேட்டுவிட்டு எழுதினேன். வெட்கம் முழுக்க என்னுடையது...' தட்டில் வேகம் எழுதாததைப் பற்றி மூச்சே விடவில்லை. 'டோயல் ப்ரூயிட் ஒரு கம்பியைத் தொட்டுவிட்டு அது அடங்கும்வரை காத்திருக்கிறார். அந்தப் பொறுமையை நான் வேறு யாரிடமும் கேட்டதில்லை...' ஜூனிக்கு எழுத்துகள் கலங்கின. கடைசி வரிதான் சுருக்கென்று குத்தியது. 'இனி ஜூனி ப்ரூயிட்டின் பாட்டைப் பற்றி நான் எழுதப்போவதில்லை.'

சனிக்கிழமை மாலை, மேடையில் அப்பா சுருதி சேர்த்துக்கொண்டிருந்தார். சட்டைப் பையில் அந்தப் பத்திரிகைத் துண்டு. கிரேடி வாசலோரம் ஒதுங்கி நின்றான். ஜூனி விடுவிடுவென்று போனாள்.

"கடைசி வரி எதுக்கு? என் பாட்டு அவ்வளவு கசக்குதா?"

"விமர்சனம் எழுதுறவன் நடுநிலையா இருக்கணும்..."

"இருங்களேன், யாரு வேண்டாம்னது?"

"முடியலையே! அந்த மழையிலேருந்தே முடியல ஜூனி... ஒருத்தங்களுக்கு மனசைக் கொடுத்துட்டு அவங்க பாடினதையே விமர்சனம் பண்ணினா எங்க தொழிலுக்கே துரோகம். எனக்கு எழுத்தை விட நீங்க வேணும்."

ஜூனி இன்னும் ஓரடி நெருங்கி வந்தாள்.

"நீங்க மாத்தி எழுதினதைப் படிச்சுட்டு ஊர்ல என்ன சொல்றாங்க?"

"பாக்குறவனெல்லாம் 'எத்தனை சுத்து?'ன்னு கேட்டுச் சிரிக்கிறான்."

"சிரிக்கட்டும். எனக்கு உன்னை நினைச்சா பெருமையா இருக்கு," என்று அவன் கையைப் பிடித்தாள். "எழுதவே வேண்டாம். முன் வரிசையில உக்காந்து கேளு. எனக்கும் நீதான் வேணும்."

மேடையிலிருந்து அப்பாவின் குரல் கணீரென்று வந்தது.

"ஜூனி, அந்தத் தம்பியை உக்கார வச்சுட்டு சீக்கிரம் வாம்மா. எனக்குத் தூக்கம் வருது!"