சுண்ணாம்புக் குழி

காலையில் தீவனம் போடப் பின்கதவைத் திறந்தபோது, யாரோ தொண்டையைக் கனைத்துக்கொள்ளும் சத்தம் கேட்டது. "யாரு?" என்றான். மதில் வரைக்கும் ஆளில்லை. கூண்டுக்குள் ஏழு கோழிகள். கறுப்பி மட்டும் கழுத்தை மேலே நீட்டி, அலகைத் திறந்து, மறுபடி அதேபோல் கனைத்தது. வயதான ஆண்பிள்ளை கனைப்பதுபோல.

எலக்ட்ரீஷியனான அவனுக்குக் கோழி வைத்தியம் எங்கே தெரியும்? கோழிகள் அவன் மனைவியுடையவை. தொடை எலும்பு முறிந்து அவள் ஆஸ்பத்திரியில் படுத்து ஒன்பது நாளாகிறது. ஆம்புலன்ஸில் ஏற்றும்போதுகூட, பல்லைக் கடித்துக்கொண்டு அவள் சொன்னது ஒன்றுதான்: "அதுங்கள பாத்துக்கோங்க. நான் வரும்போது ஏழும் ஏழா இருக்கணும்."

மறுநாள் கறுப்பியின் கண்ணோரம் நுரை கட்டியிருந்தது. அதற்கடுத்த நாள் இன்னும் மூன்றுக்கு மூக்கொழுகியது. மழை விட்டபாடில்லை, ஈர மரத்தூளும் எச்சமும் கலந்த நெடி கண்ணைக் கரித்தது. கால்நடை டாக்டர் வந்து, ஒவ்வொன்றாகத் தூக்கிக் காதோடு வைத்துக் கேட்டார்.

"நெஞ்சு பூரா சளி. முடியாததுங்கள தனியா பிரிச்சு வைங்க. தரை காயணும், காத்து வரணும். மருந்த தண்ணில கலந்து குடுங்க."

"பொழச்சுக்குமா சார்?"

"செத்தா ஆழமா தோண்டி, சுண்ணாம்பு கொட்டிப் பொதைங்க." கேட்ட கேள்விக்கு அதுதான் பதில்.

அவன் வேலைக்குப் போகவில்லை. ஈரத்தூளை அள்ளிக் கொட்டினான், புதிதாகப் பரப்பினான், குடிக்காதவற்றின் அலகைப் பிரித்து மருந்தைச் சொட்டுச் சொட்டாக விட்டான். மனைவி போனில் கூப்பிட்டாள்.

"ஒழுங்கா சாப்புடுதுங்களா?"

"உன்னவிட நல்லா சாப்புடுதுங்க."

"சண்டி முட்டை வச்சாளா?"

"வச்சா, வச்சா." சண்டி அப்போது அவன் மடியில் வாய் பிளந்து, ஒவ்வொரு மூச்சுக்கும் வால் ஏறி இறங்கக் கிடந்தாள்.

அன்று மதியம் கறுப்பி போனாள். பொழுது சாய்வதற்குள் இன்னும் இரண்டு. மதிலோரம் இடுப்பளவு தோண்டிப் புதைத்துவிட்டு வந்து, சமையலறை ஜன்னலடியில் சுவரோடு சாய்ந்து உட்கார்ந்தான். கூண்டிலிருந்து வரும் மூச்சிழுப்பை எண்ணுவது பழகிப்போயிருந்தது. ஒன்று விசிலடிக்கும், ஒன்று குமிழி விடும், ஒன்று மரத்தை அறுப்பதுபோல் கரகரக்கும். மிஞ்சிய நான்கையும் எண்ணி முடித்தான்.

ஏழு.

மழைச் சத்தம்தான் என்று மனதைத் தேற்றிக்கொண்டான்.

அடுத்த இரண்டு நாளில் மூன்று போயின. மிஞ்சியவள் சண்டி. அவளை வீட்டுக்குள் கொண்டுவந்து துண்டில் சுற்றி அடுப்பருகே வைத்திருந்தான். மதியம் அவள் மூச்சு நின்றது. என்ன செய்கிறோம் என்று யோசிக்கும் முன்பே குனிந்து, அவள் அலகில் வாயை வைத்து ஊதினான். "எடுத்துக்கடி. எவ்வளவு வேணுமோ எடுத்துக்க." நெஞ்சு ஏறியது. மறுபடி ஊதினான். ஏறியது. மூன்றாவது முறை அவன் ஊதவில்லை. இருந்தும் அவனுக்குள்ளிருந்து மூச்சு போனது, உறிஞ்சுகுழலில் போவதுபோல. பதறித் தலையை விலக்கினான். சண்டியின் தலை துவண்டு தொங்கியது.

அவளையும் அதே மதிலோரம் புதைத்து மீதிச் சுண்ணாம்பையும் கொட்டி முடித்தபோது மழை விட்டு, பளீரென்று வெயில் அடித்தது. கூண்டு காலி. அந்தக் காலிக் கூண்டைப் பார்த்தபடி நெடுநேரம் நின்றான். அப்போதுதான் கேட்டது. விசில். குமிழி. கரகரப்பு. கூண்டிலிருந்து அல்ல, காலடியிலிருந்து.

குனிந்து பார்த்தான். வெள்ளைச் சுண்ணாம்பு மெல்ல மேலே எழுந்தது. தாழ்ந்தது. எழுந்தது.

அவன் மூச்சை இழுத்தால் எழுகிறது. விட்டால் தாழ்கிறது.

மூச்சை அடக்கினான். தரை நின்றது. வெயிலில் ஒரு ஈ மட்டும் ரீங்கரித்தது. நெஞ்சு வலித்தது. கண் இருண்டது. இன்னும் கொஞ்சம். இன்னும் கொஞ்சம்.

சட்டைப்பையில் போன் அடித்தது. எடுத்துக் காதில் வைத்தான்.

"ஏங்க! நாளைக்கே வீட்டுக்குப் போலாம்னுட்டாரு டாக்டர்!" அவள் குரல் சிரித்தது. "கேக்குதா? ஏங்க?"

பதில் சொல்ல வாயைத் திறந்தான். மூச்சை இழுத்தான்.

வரவில்லை.

மறுபடி இழுத்தான். கழுத்தை மேலே நீட்டி, வாயை அகலப் பிளந்து இழுத்தான். ஒரு துளிக் காற்றும் உள்ளே வரவில்லை.

காலடியில் தரை மெல்ல, நிறைவாக, முழங்கால் உயரத்துக்கு எழுந்தது.