ஒற்றைக்கால் இயக்குநர்

ஆடிக்காற்று கிரீடத்தை மறுபடியும் தூக்கிக்கொண்டு போனது.

"கட்!" என்றாள் சிவசக்தி.

அட்டையில் செய்து ஜரிகைத் தாள் ஒட்டிய கிரீடம். பள்ளி மைதானத்தில் உருண்டு உருண்டு சைக்கிள் நிறுத்தும் இடம்வரை போனது. மகாராஜா அதன் பின்னால் ஓடினான். அவன் இரண்டு கைகளிலும் காலுறை மாட்டியிருந்தான். காலுறைக் கையால் கிரீடத்தைப் பிடிக்க முடியவில்லை. கடைசியில் முட்டிபோட்டு, பல்லால் கவ்விக்கொண்டு வந்தான்.

"அம்மன் கிரீடத்தை எச்சில் பண்ணிட்டியேலே," என்றான் ஷாஜித்.

"பாம்புக்கு ஏதுலே கை?" என்றான் மகாராஜா.

யாரும் சிரிக்கவில்லை. காலையில் சொல்லியிருந்தால் சிரித்திருப்பார்கள்.

வேப்பமரத்தடியில் ஒரு கல். அதன்மேல் முத்துமீனாள் ஒற்றைக்காலில் நின்றுகொண்டிருந்தாள். கிரீடம் பறந்தபோதும் மற்றக் காலை அவள் கீழே வைக்கவில்லை. வைத்தால் சிவசக்தி திட்டுவாள்.

நான்கு பேரும் ஏழாம் வகுப்பு. ஆடித்தபசுத் திருவிழா வரப்போகிறது. நம் ஊரைப் பற்றிக் குழுக் குழுவாக வீடியோ எடுங்கள் என்று சுபலட்சுமி டீச்சர் சொல்லியிருந்தார். எடுத்ததில் நல்லதைத் திங்கட்கிழமை ஸ்மார்ட் வகுப்பறையின் பெரிய திரையில் எல்லாருக்கும் காட்டுவார்கள்.

ஒரு குழு பூ மார்க்கெட்டை எடுத்தது. இன்னொரு குழு விசைத்தறியை எடுத்தது. சிவசக்தி தபசுக் கதையையே எடுப்பேன் என்றாள்.

சங்கரன்கோவில் பிள்ளைகளுக்கு அந்தக் கதையைச் சொல்லத் தேவையில்லை. வெளியூர்க்காரர்களுக்காகச் சொல்லிவிடலாம். சங்கன், பதுமன் என்று இரண்டு நாகராஜாக்கள். சிவன்தான் பெரியவர் என்றான் சங்கன். இல்லை, திருமால்தான் என்றான் பதுமன். சண்டை முற்றி அம்மனிடம் போனார்கள். அம்மன் இந்த ஊர் மண்ணில் ஊசிமுனையில் ஒற்றைக்காலில் தவம் நின்றாள். கடைசியில் சாமி பாதி உடம்பு சிவனாகவும் பாதி உடம்பு திருமாலாகவும் வந்து நின்றார். பாம்புகள் இரண்டும் வாயை மூடிக்கொண்டன.

சங்கனும் பதுமனும் மகாராஜாவின் காலுறைகள்தான். ஒன்றுக்குத் திருநீறு. இன்னொன்றுக்கு நாமம். அம்மன் முத்துமீனாள். டீச்சரின் பழைய போனைப் பிடித்திருந்தது ஷாஜித். இயக்குநர் சிவசக்தி.

பாம்புகள் சண்டை போடும் காட்சி காலையிலேயே முடிந்துவிட்டது. மிச்சம் இருந்தது ஒரே காட்சி. அம்மன் ஒற்றைக்காலில் நின்றபடி பேச வேண்டும்.

"சண்டை வேண்டாம். நான் தவம் நிற்கிறேன். யார் பெரியவர் என்று சாமியே வந்து சொல்லட்டும்."

அவ்வளவுதான். அந்த மூன்று வரி நகர மாட்டேன் என்றது.

ஒரு தடவை திருவேங்கடம் போகும் பஸ் மதிலுக்கு அந்தப் பக்கம் ஹாரன் அடித்தது. ஒரு தடவை ஆடு ஒன்று வந்து அம்மனின் மாலையைத் தின்னப் பார்த்தது. ஒரு தடவை மகாராஜா தும்மினான். காலுறையால் மூக்கைத் துடைத்ததில் பதுமனின் நாமம் அழிந்தது. மற்ற நேரமெல்லாம் முத்துமீனாளின் கால் ஆடியது. ஆடினால் கட். ஊன்றினால் கட்.

"ஏட்டி சக்தி, கால் கடுக்குது," என்றாள் முத்துமீனாள்.

"இன்னும் ஒரே ஒரு தடவை."

"இதையேதான் காலையிலேருந்து சொல்லுத."

"தபசுன்னா ஒத்தைக்கால்தாம்ட்டி. நீ ரெண்டு கால்ல நின்னா அது தபசு இல்ல. பஸ்சுக்கு நிக்க மாதிரி இருக்கும்."

சிவசக்தி கல்லுக்குப் பக்கத்தில் குத்தவைத்து உட்கார்ந்தாள். ஒவ்வொரு தடவையும் அப்படித்தான். முத்துமீனாளின் பாதத்தையே பார்த்துக்கொண்டிருப்பாள். கண்ணை எடுக்க மாட்டாள்.

"சக்தி, ஒரு விஷயம்," என்றான் ஷாஜித்.

"அப்புறம் சொல்லு. ரெடி. ஆக்‌ஷன்!"

"சண்டை வேண்டாம். நான் தவம்…"

பெருவிரல் நடுங்கியது. குதிகால் கல்லில் லேசாகப் புரண்டது.

"கட்!"

மரத்து நிழல் நகர்ந்து போய்விட்டது. கல்லின்மேல் இப்போது வெயில். பக்கத்துத் தெருவில் தறிகள் டக்கடக்கவென்று ஓடிக்கொண்டே இருந்தன. அவற்றுக்கு மட்டும் அலுக்கவே இல்லை.

சுபலட்சுமி டீச்சர் வராந்தாவுக்கு வந்து எட்டிப் பார்த்தார். கையில் சிவப்புப் பேனா. காலையிலிருந்து விடைத்தாள் திருத்திக் கண் சிவந்திருந்தது.

"முடிஞ்சுதா பிள்ளைகளா?"

"இன்னும் ஒண்ணே ஒண்ணு டீச்சர்," என்றாள் சிவசக்தி.

"கரிவலம் பஸ் வர்றதுக்குள்ள போனைக் கொடுத்துரணும். அதை விட்டா எனக்கு அடுத்த பஸ் எப்பன்னு தெரியாது."

"சரி டீச்சர்."

டீச்சர் கொட்டாவி விட்டுக்கொண்டே உள்ளே போனார். அதைப் பார்த்து மகாராஜாவுக்கும் கொட்டாவி வந்தது. சங்கன், பதுமன் இரண்டு பேரும் சேர்ந்து அவன் வாயை மூடினார்கள்.

"ரெடி," என்றாள் சிவசக்தி.

முத்துமீனாள் காலைத் தூக்கினாள். தூக்கிய காலை உடனே கீழே வைத்தாள். கிரீடத்தைக் கழற்றினாள். மாலையைக் கழற்றினாள். இரண்டையும் கல்லின்மேல் வைத்துவிட்டு இறங்கினாள்.

"எங்கட்டி போற?"

"நீயே நில்லு."

"நீதானே அம்மன்!"

"எனக்கு அம்மனும் வேண்டாம். வீடியோவும் வேண்டாம். காலையிலேருந்து என் கால்கிட்ட மட்டும்தான் பேசுத. என்கிட்ட ஒரு வார்த்தை பேசினியா?"

அவள் குரல் உடைந்தது. நொண்டிக்கொண்டே போய் மதில் ஓரம் திரும்பி உட்கார்ந்துகொண்டாள். ஒன்றாம் வகுப்பிலிருந்து சிவசக்தியும் அவளும் ஒரே பெஞ்சு. முத்துமீனாள் முதுகைக் காட்டி உட்கார்ந்து சிவசக்தி இதுவரை பார்த்ததில்லை.

"அவளா வருவா," என்றாள் சிவசக்தி. "காட்சி சரியா வர்ற வரைக்கும் நான் விடமாட்டேன்."

மகாராஜா வலது கையைத் தூக்கினான். சங்கன் வாயைத் திறந்தான்.

"பதுமா, இந்த ஊர்ல ஒத்தைக்கால்ல நின்னது அம்மன் மட்டும்தான்னுல்லா நினைச்சேன்."

இடது கை பதில் சொன்னது. "இல்லே சங்கா. நம்ம டைரக்டரும் நிக்கா."

"சும்மா இருலே," என்றாள் சிவசக்தி. ஆனால் குரலில் வேகம் இல்லை. அவளுக்கும் தலை வலித்தது. "ஏலே ஷாஜித், எடுத்தவரைக்கும் காட்டு. ஒண்ணாவது தேறுதான்னு பாப்போம்."

ஷாஜித் போனை நீட்டினான். அவன் கை மரத்துப்போயிருந்தது. வெயில் படாமல் சட்டையால் மறைத்துக்கொண்டு மூன்று பேரும் பார்த்தார்கள்.

முதல் வீடியோ. முத்துமீனாளின் முகம். கிரீடம், மாலை, இடுப்பில் பச்சைப் பாவாடை. வசனம் தெளிவாகக் கேட்டது.

இரண்டாவது. முகம், கிரீடம், மாலை.

மூன்றாவது. அதன் அடுத்தது. அதற்கும் அடுத்தது.

"கால் எங்கலே?" என்றாள் சிவசக்தி.

"கால் வரலை."

"எதுல வரலை?"

"எதுலயுமே வரலை."

சிவசக்தி அவனைப் பார்த்தாள். அவன் கீழே பார்த்தான்.

"பின்னால போய் எடுத்தாத்தான் கால் வரும். பின்னால போனா காத்து சத்தம்தான் கேக்குது. வசனம் கேக்க மாட்டேங்குது. கிட்ட வந்தா வசனம் கேக்கு. கால் வரலை."

"அதைச் சொல்லக் கூடாதா?"

"சொல்ல வந்தேனே. அப்புறம் சொல்லுன்ன."

சிவசக்தி மறுபடியும் போனைப் பார்த்தாள். வேறு எங்கே பார்ப்பது என்று தெரியவில்லை.

முதல் வீடியோவில் முத்துமீனாள் உண்மையிலேயே அம்மன் மாதிரி இருந்தாள். சிரித்த முகம். நிமிர்ந்த தலை. போகப் போகச் சிரிப்பு குறைந்தது. பிறகு உதட்டைக் கடித்துக்கொண்டாள். பிறகு கண்ணில் தண்ணீர் கோத்துக்கொண்டது. வசனம் மட்டும் ஒரு வார்த்தை பிசகவில்லை.

இன்னொன்றும் இருந்தது. எல்லா வீடியோவிலும் இருந்தது. வசனம் முழுசாக வந்தாலும் பாதியில் நின்றாலும் முத்துமீனாள் கண்ணை மட்டும் ஓரமாகத் திருப்பிக் கீழே பார்க்கிறாள். 'சரியா இருக்காட்டி?' என்று கேட்கிற பார்வை. கீழே குத்தவைத்து இருப்பது சிவசக்தி. அவள் ஒரு தடவைகூட நிமிர்ந்து பார்த்ததில்லை. 'கட்' என்ற சத்தம்தான் பதிலாக வந்தது.

"முகம் இருக்கு. வசனம் இருக்கு. இதுவே போதும்," என்றான் மகாராஜா மெல்ல. "காலைப் பத்தி அவகிட்ட சொல்லாட்டா அவளுக்குத் தெரியவா போகுது? சொன்னா நம்மளைக் கொன்னுருவா."

 சிவசக்தி போனை வாங்கிக்கொண்டு மதில் ஓரம் போனாள். முத்துமீனாள் திரும்பவில்லை. சிவசக்தி பக்கத்தில் உட்கார்ந்து போனை அவள் மடியில் வைத்தாள்.

முத்துமீனாள் ஒன்றைப் பார்த்தாள். இன்னொன்றைப் பார்த்தாள். வேகமாகத் தள்ளித் தள்ளிப் பார்த்தாள்.

"என் கால் எங்க?"

"இல்ல."

"ஒண்ணுலகூடவா?"

"ஒண்ணுலகூட."

காற்று வீசியது. மைதானத்து மண் இரண்டு பேர் மேலும் விழுந்தது.

"அப்போ நான் நாற்காலி போட்டு உக்காந்திருந்தாக்கூட…"

"தெரிஞ்சிருக்காது."

முத்துமீனாள் எழுந்தாள். கால் வலியில் மறுபடியும் உட்கார்ந்தாள்.  

பின்னால் புர்ர் என்று ஒரு சத்தம். மகாராஜாதான். சிரிப்பை அடக்க இரண்டு பாம்புகளையும் வாயில் திணித்திருந்தான். அதையும் மீறிச் சத்தம் வந்துவிட்டது. முத்துமீனாள் செருப்பை எடுத்து வீசினாள். அது குறி தவறி ஷாஜித்மேல் விழுந்தது.

"நான் என்ன செஞ்சேன்?" என்றான் ஷாஜித்.

முத்துமீனாள் சிரித்துவிட்டாள். சிரித்துக்கொண்டே கண்ணைத் துடைத்தாள்.

"நான் போனைப் பாக்கவே இல்லட்டி," என்றாள் சிவசக்தி. "உன் முகத்தையும் பாக்கலை. முதல் தடவையே நல்லா இருந்துச்சு."

"அதை அப்பவே சொல்லியிருக்கலாம்லா."

"ஆமா."

சிவசக்தி குனிந்து முத்துமீனாளின் கொலுசைக் கழற்றினாள்.

"என்னட்டி செய்த?"

"முகம் கிடைச்சாச்சு. கால் மட்டும் தனியா வேணும். கால்தானே? என் காலும் கால்தான்."

கொலுசைத் தன் காலில் மாட்டிக்கொண்டாள். பச்சைப் பாவாடையை வாங்கிச் சீருடைக்கு மேல் கட்டிக்கொண்டாள். கல்லின்மேல் ஏறினாள். கல் சுட்டது. இவ்வளவு சுடும் என்று அவள் நினைக்கவில்லை.

முத்துமீனாள் போனோடு நொண்டிக்கொண்டே வந்தாள். கீழே உட்கார்ந்து கல்லுக்கு நேராகப் பிடித்தாள்.

"வசனம் கிடையாது. காத்து எவ்வளவு வேணாலும் கத்தட்டும்," என்றாள். "ரெடியா?"

சிவசக்தி ஒரு காலைத் தூக்கினாள். கொஞ்ச நேரத்திலேயே கெண்டைக்கால் இழுத்தது. பெருவிரல் தானாக நடுங்கியது. ஊன்றக் கூடாது என்று நினைக்க நினைக்க உடம்பு ஒரு பக்கமாகச் சாய்ந்தது.

"ஆடாதட்டி," என்றாள் முத்துமீனாள்.

"ஆடலை."

"ஆடுத. படத்துல தெரியுது."

வராந்தா பக்கம் செருப்புச் சத்தம். சுபலட்சுமி டீச்சர் பையை மாட்டிக்கொண்டு வந்து நின்றார்.

"என்ன சக்தி, நீ நிக்கே? அம்மன் மாறிட்டாளா?"

"கால் மட்டும் மாறியிருக்கு டீச்சர்," என்றான் மகாராஜா.

"முடிஞ்சுதா?"

முத்துமீனாள் போனைப் பார்த்தாள். பிறகு நிமிர்ந்து சிவசக்தியின் முகத்தைப் பார்த்தாள். வெயிலில் சிவந்து, உதட்டைக் கடித்துக்கொண்டிருந்த முகம்.

"இன்னும் ஒரே ஒரு தடவை டீச்சர்," என்றாள். சிவசக்தியின் முகம் சுருங்கியது. முத்துமீனாள் அதை ஆசைதீரப் பார்த்துவிட்டுச் சொன்னாள். "சும்மா சொன்னேன் டீச்சர். முடிஞ்சாச்சு. இறங்குட்டி."

திங்கட்கிழமை பெரிய திரையில் பாம்புகள் சண்டை போட்டன. பிள்ளைகள் கைதட்டினார்கள். அம்மன் சிரித்த முகத்தோடு பேசினாள். பிறகு திரை முழுக்க ஒரு பாதம். கொலுசு. சுடுகல். பெருவிரல் லேசாக நடுங்கியது. வசனம் இல்லை. ஆடிக்காற்றின் சத்தம் மட்டும். வகுப்பறையே அமைதியானது.

அது வேறு ஒருத்தியின் கால் என்று மற்றப் பிள்ளைகள் யாருக்கும் தெரியவில்லை.

முடிந்து வெளியே வரிசையில் நின்றபோது மூன்றாம் வகுப்புச் சிறுமி ஒருத்தி முத்துமீனாளிடம் ஓடி வந்தாள்.

"அக்கா, ரொம்ப நேரம் நின்னீங்களா? கால் வலிச்சுதா?"

முத்துமீனாள் பக்கத்தில் நின்றவளைக் காட்டினாள்.

"அதை இந்த அக்காகிட்ட கேளு."

சிவசக்தி இரண்டு காலையும் நன்றாக ஊன்றி நின்றுகொண்டாள்.