பிந்தி வருபவருக்கே இடம்

வழிப்போக்கர்கள் தங்கும் காட்டுக் குடிலின் புகைபோக்கியிலிருந்து புகை வந்துகொண்டிருந்தது. மிர்வா சைக்கிளை நிறுத்தி, ஒரு காலை ஊன்றிக்கொண்டு அதையே பார்த்தாள். அட கடவுளே, இன்றைக்கும் தனியாக இருக்க விடமாட்டார்களா? மத்தியானம் கொட்டிய மழையில் பாதை மணல் கழுவித் துடைத்த மாதிரி கிடந்தது. வழி நெடுக ஒரு டயர் தடம் இல்லை, ஒரு காலடி இல்லை. பிறகு யார் வந்து அடுப்பு மூட்டியது?

யாராயிருந்தால் என்ன, உள்ளே சூடாக இருக்கும் என்று சமாதானம் சொல்லிக்கொண்டு, பைகள் தொங்கும் சைக்கிளைச் சுவரில் சாய்த்தாள். அவள் கணவன் யார்னோ பின்னால் வந்துகொண்டிருந்தான். பெரிய பாறை வளைவில் அவனுடைய பின்சக்கரம் பஞ்சர். "நீ போய் அடுப்பைப் பத்த வை, ஒட்டிட்டு வந்துடறேன். கொசு ரெண்டு பேரையும் திங்கணுமா என்ன?" என்று அவன்தான் அவளை விரட்டினான். அங்கிருந்து குடிலுக்கு ஒரே பாதை. இரண்டு ஏரிகளுக்கு நடுவே மதில் போல ஓடும் மணல்மேடு. மேலே ஒரு சைக்கிள் போகிற அகலம், இருபுறமும் சரிவில் பைன் மரங்கள், அதற்குக் கீழே தண்ணீர்.

கதவைத் திறந்தாள். அடுப்புக்கு முன்னால் குந்தி விறகைத் தள்ளிக்கொண்டிருந்தவன் திரும்பிப் பார்த்தான்.

"மகாராணி வந்தாச்சா?" என்றான் யார்னோ. "காபி ரெடி."

எப்படி என்னைத் தாண்டி வந்தாய் என்ற கேள்வி தொண்டை வரை வந்தது. அதை அப்படியே விழுங்கினாள்.

கேட்க மாட்டேன் என்று அவள் வாக்குக் கொடுத்திருந்தாள். போன வருஷம் யார்னோவுக்கு அலுவலகத்தில் ஒருத்தியோடு பழக்கம். அது தெரிந்த பிறகு குளிர்காலம் முழுக்க அவன் குவோபியோ நகரத்தில் ஒரு வாடகை அறையில் இருந்தான். இவள் தொலைபேசியில் எங்கே இருக்கிறாய், யாரோடு இருக்கிறாய், பின்னால் என்ன சத்தம் என்று குடைந்து குடைந்து தன்னையும் சாகடித்து அவனையும் சாகடித்தாள். கடைசியில் இருவருமாகப் பேசி முடிவு செய்தார்கள். இந்தக் காட்டில் ஒரு வாரம் சைக்கிள் பயணம். அவன் பொய் சொல்லக்கூடாது, அவள் துருவிக் கேட்கக்கூடாது. இது சண்டையில்லாமல் முடிந்தால் அவன் வீட்டுக்குத் திரும்புவான், இல்லையென்றால் அதோடு சரி. இதுவரை ஒழுங்காகத்தான் போயிற்று. நேற்று ஏரியில் குளிக்கும்போது சிரித்துக்கூட விட்டார்கள்.

அதனால் பெஞ்சில் உட்கார்ந்து காபியை வாங்கிக்கொண்டாள்.

அவன் தன் கோப்பையில் பால் ஊற்றிக்கொண்டான். யார்னோ காபியில் பால் சேர்த்து அவள் பார்த்ததில்லை. போகட்டும், மனுஷனுக்கு ருசி மாறாதா? அந்த இன்னொருத்தியிடத்தில் கற்றுக்கொண்டானோ என்னவோ. சீ, மறுபடியும் அதே புத்தி என்று தன்னையே திட்டிக்கொண்டாள்.

ஜூன் மாத ராத்திரி. இந்த வடகோடியில் இருட்டு என்பதே வராது; ஜன்னலில் மோர் நிறத்தில் ஒரு வெளிச்சம் நின்றது. ஏரியில் ஏதோ ஒரு பறவை நீளமாகக் கூவி நிறுத்தியது. பைன் பிசின் எரியும் வாசனை, நனைந்த கம்பளி வாசனை, அவற்றுக்கு அடியில் ஏரிச் சேற்றின் குளிர்ந்த வாடை. அவள் கூடவே கதவு வழியாகக் கொசுக்கள் ஒரு கூட்டமாக வந்திருந்தன. கழுத்தில், கண்ணிமையில், காலுறைக்கு மேல் தெரிந்த இரண்டு விரல் அகலச் சதையில் என்று மொய்த்தன. அவள் அடித்துக்கொண்டே இருந்தாள்.

அவன் அடிக்கவில்லை. சட்டைக் கையை முழங்கை வரை சுருட்டிவிட்டு அமைதியாக உட்கார்ந்திருந்தான். அந்த வெள்ளைக் கையில் ஒரு கொசுகூட இல்லை.

"உன் சைக்கிள் எங்கே?" என்று கேட்டுவிட்டாள்.

"பின்னாடி."

"விறகு எடுத்துட்டு வர்றேன்," என்று எழுந்தாள். அவன் தடுக்கவில்லை. குடிலைச் சுற்றி வந்தாள். விறகுக் கொட்டகை, கோடரி, கழிப்பறை. பின்பக்கம் நாலடிப் புல்தரை, பிறகு ஏரி. சைக்கிள் இல்லை. தண்ணீரிலிருந்து சுவர் வரை புல் மட்டும் படுத்துக் கிடந்தது, எதையோ இழுத்துக்கொண்டு வந்த மாதிரி.

ஓடிவிடலாமா? எங்கே ஓடுவது, யாரிடமிருந்து? கட்டின புருஷன் முன்னால் வந்துவிட்டான் என்று அலறிக்கொண்டு ஓடினால் யார் சிரிக்கமாட்டார்கள்? முதலில் சிரிப்பவன் அவன்தான், பிறகு முகம் மாறும், அதன் பிறகு அந்த வாடகை அறை. இவ்வளவு தூரம் வந்து, ஒரு சைக்கிளுக்காக அவனை இழப்பதா? நான்கு கட்டை விறகை அள்ளிக்கொண்டு உள்ளே போனாள்.

அவள் விறகை இறக்கி வைத்ததும் அவன் எழுந்துபோய்க் கதவின் கொக்கியை மாட்டினான்.

அப்போது வெளியே மணலில் சக்கரம் உருளும் சத்தம் கேட்டது. தட்டை டயர். தொப், தொப், தொப்.

"மிர்வா!" மூச்சு வாங்கும் குரல். "கதவைத் திற. பாழாப்போன டியூப், ரெண்டு தடவை ஒட்டியும் நிக்கல. முழுக்கத் தள்ளிட்டே வந்தேன்."

யார்னோவின் குரல்.

எதிரே நின்றவன் கோப்பையை மெதுவாகக் கீழே வைத்தான். "திறக்க வேணாம்," என்றான். "நாமதானே முதல்ல வந்தோம்? இடம் நம்மளது. வந்தவன் வெளியில படுக்கட்டும்."

அந்த ஒரு வார்த்தையில் அவளுக்கு எல்லாம் தெரிந்துபோயிற்று. இந்தக் காட்டுக் குடில்களுக்குப் பூட்டு கிடையாது, காவல் கிடையாது. முன்னால் வந்தவர்களுக்கு உடம்பு காய்ந்திருக்கும், வயிறு நிறைந்திருக்கும். அதனால் இடம் போதாவிட்டால் மூட்டையைக் கட்ட வேண்டியவர்கள் அவர்கள்தான். பனியில் விறைத்துச் செத்தவர்களின் ஊர் இது. நடக்கக் கற்கும் குழந்தைக்குக்கூட இது தெரியும். ஒரு மார்ச் மாதத்தில், நிஜமான யார்னோ அவளைத் தூக்கத்திலிருந்து எழுப்பி, பனிச்சறுக்கில் வந்த முன்பின் தெரியாத நாலு பேருக்குப் படுக்கையைக் கொடுத்துவிட்டுத் தரையில் படுக்க வைத்தான். அவள் விடியும்வரை முணுமுணுத்தாள்.

"கடைசியா வர்றவங்களுக்குத்தான் முதல் உரிமை," என்றாள். "இது தெரியாதா உனக்கு?"

அவன் தலையைச் சாய்த்து அவளைப் பார்த்தான். புதிதாக ஒரு பண்டத்தை வாயில் போட்டுப் பார்ப்பவன் முகம்.

"கடைசியா வர்றவங்களுக்கா?" என்றான். "ஓ. எத்தனை பேர் வந்தாலுமா?"

அவள் பாய்ந்து போய்க் கொக்கியைத் தூக்கினாள்.

வாசலில் யார்னோ நின்றான். சிவப்பு மழைச்சட்டை, முழங்கால் வரை சேறு, விரலெல்லாம் கறுப்பு எண்ணெய். கன்னத்தில், நெற்றியில், காதில் கொசு. போன உயிர் திரும்பி வந்தது. அவன் சட்டையைப் பற்றி இழுத்து, "உள்ளே ஒருத்தன், யார்னோ, உன்னை மாதிரியே..." என்று அழுதுவிட்டாள்.

யார்னோ அவள் தோளுக்கு மேலாக உள்ளே பார்த்தான்.

"ஓ," என்றான் உள்ளே இருந்தவனிடம். "நீ முன்னாடியே வந்துட்டியா?"

"உக்காரு," என்றான் அவன். "காபி இருக்கு."

கொசுக்கள் யார்னோவின் முகத்திலிருந்து எழுந்தன. ஒவ்வொன்றாக. எல்லாம் அவள் கைக்கு வந்தன.

அவன் அவளைத் தாண்டிப் போய்ப் பெஞ்சில் உட்கார்ந்தான். முன்னவன் நகர்ந்து இடம் கொடுத்தான். இருவரும் ஒரே நேரத்தில் குனிந்து இடது காலணியைக் கழற்றினார்கள்.

வெளியே மணல் நெரிந்தது. தொப். தொப்.

"மிர்வா! கதவைத் திற. பாழாப்போன டியூப்..."

கதவை அறைந்து சாத்தினாள். கொக்கியை மாட்டினாள். ஜன்னலுக்கு ஓடினாள்.

மணல்மேட்டின் மேல், அந்த வெளிறிய வெளிச்சத்தில், சிவப்பு மழைச்சட்டை. அதற்குப் பின்னால் இன்னொன்று. இன்னொன்று. பாறை வளைவு வரை வரிசை. ஒவ்வொருவனும் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு. ஒவ்வொரு பின்சக்கரமும் தட்டை. இருபுறச் சரிவிலும் தண்ணீரிலிருந்து புல் படுத்துக்கொண்டே வந்தது. அந்தத் தடம் மேலே ஏறி, வரிசையில் சேர்ந்தது.

இதில் எவன் அவன்?

எல்லோருக்கும் கடைசியில் ஒருவன் நின்றான். கையில் இருந்த சைக்கிளைக் கீழே போட்டான். ஓடி வந்தான். இரண்டு கைகளையும் தலைக்கு மேலே ஆட்டினான். வாய் திறந்து மூடியது. சத்தம் எட்டவில்லை. திற என்கிறானா? திறக்காதே என்கிறானா?

அவனுக்கு முன்னால் போனவர்கள் நின்றார்கள். எல்லோரும் திரும்பி அவனைப் பார்த்தார்கள்.

"யார்னோ!" என்று கத்தினாள். கண்ணாடியை இரண்டு கையாலும் அறைந்தாள்.

அவள் முதுகுக்குப் பின்னால் கொக்கி தூக்கும் சத்தம். குளிர்ந்த சேற்று வாடை. தரைப்பலகையில் ஈரக் கால்கள். ஒரு ஜோடி. இன்னொரு ஜோடி. இன்னும்.

"கொஞ்சம் தள்ளி உக்காரு, மிர்வா," என்றன எல்லாக் குரல்களும், அன்பாக. "வர்றவங்களுக்கு இடம் விடணும்ல."