ஏழு கிலோவுக்குப் பன்னிரண்டு கிணறு

பன்னிரண்டு கிணறுகளின் விலை எண்ணூற்று நாற்பது ரூபா. கிலோ நூற்றிருபதுப்படி ஏழு கிலோ. தொண்டைமானாற்றில் பழைய இரும்புக் கடை வைத்திருக்கும் நமசிவாயம் அரை மணித்தியாலம் பேரம் பேசி விற்ற விலை அது. விற்றது கிணறுகளை அல்ல, கிணறுகள் கட்டியாயிற்று என்று சொல்லும் தகரப் பலகையை. கிணறுகள் இருந்திருந்தால் தராசில் ஏற்ற முடியாது. இல்லாதபடியால் ஏற்ற முடிந்தது.

‘குடிநீர்க் கிணறுகள் 12. வெளிநாட்டு மக்களின் அன்பளிப்பு. மூன்று கோடி எழுபது இலட்சம் ரூபா.’ அதற்குக் கீழே இருந்த ஒரு வரியைத் துரு மூடியிருந்தது. ஊருக்குக் கிணறு வரவில்லை, பலகை வந்தது. மீனாம்பிகை அதைப் பத்து வருடம் கோழிக்கூட்டுக்குக் கூரையாகப் போட்டிருந்து, பிறகு இரண்டு வாளிக்கு நமசிவாயத்திடம் மாற்றினாள்.

அவரிடம் அதை வாங்கியவள் தர்சிகா. மானிப்பாய்ப் பிள்ளை, படம் எடுக்கிறவள். ‘பயனாளிகள் பட்டியல்’ என்பது படத்தின் பெயர். வெளிநாட்டில் சேர்த்த உதவிக் காசு மந்திரி மாளிகை வழியாக வரும்போது எப்படி ஆவியாகிறது, அதைக் கண்டுபிடித்த கணக்காய்வாளன் எப்படிக் காணாமல் போகிறான் என்பது கதை. கணக்காய்வாளனின் மகள் கிணற்றடியில் நின்று அந்தப் பலகையை வாசிப்பதுதான் கடைசிக் காட்சி.

வெள்ளிக்கிழமை பிற்பகல் 1.40க்குப் படப்பிடிப்புக் காணியில் பலகையைக் காணவில்லை. 2.00 மணிக்குக் கள்ளன் யாரென்று எல்லோரும் தீர்மானித்துவிட்டார்கள்.

நமசிவாயம்.

“நேற்று வந்து ஆயிரம் தாறன், திருப்பித் தா எண்டு கேட்டது நீங்கள்தானே அண்ணை?” என்றாள் தர்சிகா.

“ஓம், கேட்டனான். நீங்கள் அதுக்குக் குடை பிடிக்கிறதைப் பாத்தாப் பிறகுதான் விலை குறைச்சு வித்தது விளங்கினது. வயித்தெரிச்சல் களவே, பிள்ளை?”

“மத்தியானமும் இங்கை லாண்ட்மாஸ்டரோடை நிண்டனீங்கள்.”

“பழைய தகரம் எடுக்க வந்தனான். பெட்டியைக் கிண்டிப் பாருங்கோ.”

லாண்ட்மாஸ்டர் என்ற அந்தக் கை உழவு இயந்திரத்தின் பெட்டியைக் கிண்டிப் பார்த்தார்கள். வான், வேலிக்கரை, பனை வடலிக்கூட்டம் எல்லாம் பார்த்தார்கள். இல்லை. தர்சிகா பொலிசுக்குத் தொலைபேசி எடுத்தாள். பொருளின் பெறுமதியைக் கேட்டார்கள். எண்ணூற்று நாற்பது என்றாள். அந்தப் பக்கம் சிரிப்புக் கேட்டது.

“ஐஞ்சு மணிக்கு மேலை காட்சிக்கான வெளிச்சம் இராது, இரவு வான் கொழும்புக்குப் போகுது,” என்றாள் அவள். “பலகை வராட்டில் படம் முடியாது. உங்கடை பேரை நான் எல்லா இடமும் சொல்லுவன்.”

முப்பத்தைந்து வருட வியாபாரம். நிறையில் ஐம்பது கிராம் அடித்திருக்கலாம், நமசிவாயம் அதை மறுக்கமாட்டார். ஆனால் விற்ற சாமானைத் திருப்பி எடுக்கிறவனிடம் அடுத்த நாள் யார் ஒரு ஆணி வாங்குவான்?

“அப்ப நானே கண்டுபிடிக்கிறன்,” என்றார்.

2.25. கிணற்றடி.

அது ஒட்டுப்பலகைக் கிணறு. இடுப்பளவு வட்டக் கட்டு, மேலே சுண்ணாம்பு. சோளகக் காற்று தூக்கிக்கொண்டு போகாமல் உள்ளே மணல் நிரப்பியிருந்தது. அதைச் செய்தவன் மயூரதன். தலைமுடி வரை சுண்ணாம்பு வெள்ளை.

“கடைசியா எப்ப பாத்தனீ?”

“பதினொண்டரைக்குச் சுண்ணாம்பு பூசி முடிச்சனான். பிறகு பலகையை மண்ணெண்ணெய் போட்டுத் தேய்ச்சு, கிணத்துக்கட்டிலை சாத்திப்போட்டு, பன்னிரண்டேகாலுக்கு எல்லாரோடையும் சந்நிதிக் கோயிலுக்கு அன்னதானத்துக்குப் போனனான்.”

“தேய்ச்சாப் பிறகு கீழ் வரி தெரிஞ்சதோ?”

“ஏதோ பேர் கிடந்தது அண்ணை. எனக்குப் பசி.”

“வேறை ஆரும் பாத்தவையோ?”

“அரைவாசிப் பேர் வந்து நிண்டு பாத்தவை, ஆறுதலா வாசிக்கேல்லை. ஒருத்தரும் படம் பிடிக்கேல்லை. சாப்பாட்டு நேரம்தானே.”

2.40. ஒழுங்கை முகப்பு.

மீனாம்பிகை ஆறு வெறும் கானோடு தண்ணீர் பவுசர் வண்டிக்குக் காத்திருந்தாள். பன்னிரண்டு மணியிலிருந்து. படப்பிடிப்புக் காணிக்குப் போகும் அந்தக் குறுகிய ஒழுங்கைக்கு அது ஒன்றுதான் வாசல்.

“ஆர் வெளியிலை போனது?”

“எல்லாரும் போச்சினம், எல்லாரும் வந்திச்சினம். பேர் பதிய நானென்ன விதானையே? நான் பவுசரையெல்லோ பாத்துக்கொண்டிருந்தன்.”

“கையிலை தகரம்?”

“குடையை விடப் பெரிசா ஒருத்தற்றை கையிலும் ஒண்டுமில்லை. உங்கடை லாண்ட்மாஸ்டரிலையும்தான். நான் சத்தியம் பண்ணுவன்.” பிறகு அவரை ஏற இறங்கப் பார்த்தாள். “அந்தப் பலகைக்கு எனக்குத் தந்த ரெண்டு வாளியிலை ஒண்டு ஓட்டை, தெரியுமோ?”

அவர் கேட்காதவர்போல நடந்தார்.

2.55. மாமர நிழல்.

தியாகராசா கதிரையில் சாய்ந்திருந்தார். பல நிறுவனங்களில் உத்தியோகம் பார்த்து இளைப்பாறியவர். இங்கிலீசும் தொந்தியும் இருந்தபடியால் படத்தில் வில்லன் வேடம், வெளிநாட்டு நிறுவனத்தின் பணிப்பாளர். நெற்றியில் மூன்று குறி. நீலச் சட்டையில் வயிற்றுக்குக் குறுக்கே வெள்ளைத்தூள்.

“நீர் எடுக்கேல்லை எண்டால் ஆர் எடுத்தது?” என்று சிரித்தார். “நான் கோயிலிலை நிண்டனான்.”

“என்ன ஐயா, சட்டையெல்லாம் வெள்ளை?”

“திருநீறு. வெள்ளிக்கிழமைச் சனம். உள்ளுக்கை, சுவாமிக்கு முன்னாலை ஆரோ இடிச்சு, கையிலை வாங்கினது அப்படியே சட்டையிலை கொட்டுப்பட்டிட்டுது.”

“உள்ளுக்கையோ?”

“ஓமப்பா, உள்ளுக்கைதான். பூசை முடியத்தான் சாப்பிட்டனான்.”

நமசிவாயம் தலையாட்டினார். பேரத்தில் சரியான விலை காதில் விழும்போதும் அவர் அப்படித்தான் ஆட்டுவார், முகத்தில் ஒன்றும் காட்டமாட்டார்.

3.10. எல்லோரையும் கிணற்றடிக்குக் கூப்பிட்டார்.

“தம்பி மயூரதன், கிணத்துக்குள்ளை இறங்கு.”

“அது கிணறில்லை அண்ணை, வெறும் மணல்.”

“அதாலைதான் ஒருத்தரும் எட்டிப் பாக்கேல்லை. பலகை ஒழுங்கையாலை போகேல்லை, மீனாம்பிகை சாட்சி. மேலை பறக்கேல்லை. மிச்சம் உதுதான். சவளை எடு.”

மூன்றாம் வெட்டில் சவள் தகரத்தில் இடித்தது. பலகையைத் தூக்கினார்கள். தர்சிகா மணலைத் தட்டிவிட்டுக் கீழ் வரியை உரத்து வாசித்தாள்: ‘கட்டி முடிக்கப்பட்டதை உறுதிப்படுத்தியவர்: வே. தியாகராசா.’

எல்லோரும் மாமரப் பக்கம் திரும்பினார்கள்.

“என்ரை பேர் இருந்தால் நான்தான் எடுத்தனான் எண்டோ?” என்றார் தியாகராசா.

“பேர் காரணம் மட்டும்தான் ஐயா. சாட்சி உங்கடை சட்டை,” என்றார் நமசிவாயம். “சந்நிதியிலை ஆம்பிளையள் சட்டையோடையே உள்ளுக்கை போறவை? கழட்டிப்போட்டு வெறும் மேலோடை நிண்டவருக்குத் திருநீறு நெஞ்சிலை எல்லோ கொட்டும். பிறகு சட்டை போட்டால் உள் பக்கம் ஒட்டும். உங்களுக்கு வெளிப் பக்கம்.”

“சட்டையைத் தோளிலை போட்டிருந்தன்!”

“தோளிலை கிடந்த சட்டையிலை அங்கையிங்கை படும். உங்களுக்குத் தொந்திக்குக் குறுக்கை ஒரு கோடு, அது கட்டிலை பூசின சுண்ணாம்பு. வாங்கோ, கிணத்துக்கட்டிலை சாஞ்சு காட்டுங்கோ. மற்றவை சாப்பிடேக்கை வந்து மணலை இழுத்து மூடக் குனிஞ்ச உயரம் சரியா இருக்கும்.”

தியாகராசா சாயவில்லை. அவசரத்தில் பொய் சொல்லுகிறவன் சட்டையைக் கழற்ற மறந்துவிடுகிறான்.

“கிணறு வெட்டினது,” என்றார் கடைசியில். “தூர்ந்துபோச்சு.”

“பன்னிரண்டுமோ?”

தியாகராசா குடையை விரித்துக்கொண்டு மீனாம்பிகையின் கான்களைச் சுற்றி ஒழுங்கையால் போனார். யாரும் மறிக்கவில்லை.

தர்சிகா மறுபடி தொலைபேசி எடுத்தாள். “பொருள் கிடைச்சிட்டுதுதானே? பிறகென்ன களவு?” என்றார்கள். கிணறுகளைப் பற்றிக் கேட்டாள். அது தங்கள் பகுதி இல்லையாம். யாருடைய பகுதி என்று கேட்பதற்குள் வைத்துவிட்டார்கள்.

4.50க்குக் கடைசிக் காட்சி முடிந்தது. பலகை கமெராவில் வடிவாக விழுந்தது. தர்சிகா வந்து, “மன்னியுங்கோ அண்ணை,” என்றாள்.

“மன்னிப்பை நிறுக்க என்னட்டைத் தராசு இல்லை, பிள்ளை,” என்றார் நமசிவாயம். மயூரதன் கிணற்றின் ஆணிகளைக் கழற்றத் தொடங்கியிருந்தான். பவுசர் அதுவரை வரவில்லை. மீனாம்பிகை வெறும் கான்களைக் கயிற்றில் கோத்துக்கொண்டிருந்தாள்.

அவர் லாண்ட்மாஸ்டரில் ஏறி, பில் புத்தகத்தை முழங்காலில் வைத்து எழுதினார்.

பலகை ஒன்று, 840. காசு வந்தது.
களவுப் பேர். கழிந்தது.
மீனாம்பிகைக்கு வாளி ஒன்று. நாளை கொடுக்க வேண்டும்.
கிணறு பன்னிரண்டு. வந்தது ஒன்று, ஒட்டுப்பலகை. 5.10க்குக் கழற்றியாயிற்று.
நிலுவை, பன்னிரண்டு.